முட்டைக்கோஸால் பாதிக்கப்பட்டவர்

டிரைவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. டிப்போவில் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பம்பரில் ஒரு கீறல்கூட இல்லையே, என்னை எதற்கு வெயிலில் அலைய வைத்தீர்கள் என்று கோபித்துக்கொண்டு போனார். அந்த ஒன்றும் நடக்காத நாளிலிருந்துதான் டிரைவரால் பஸ் ஓட்ட முடியவில்லை.

நடக்காதது நடந்த விதம் இதுதான். ஆஸ்பத்திரிச் சரிவில் பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு குழந்தை வண்டி, கூரை போட்டது, பூப்போட்ட துணி மூடியது, தள்ளுவதற்கு ஆளே இல்லாமல் உருண்டு வந்து நடுரோட்டுக்கு வந்துவிட்டது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள். அதற்குள் குழந்தை வண்டி பஸ்ஸின் மூக்குக்குக் கீழே போய்விட்டதால் சீட்டிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. டிரைவர் இறங்கி முன்னால் போனார். வண்டி ஒருச்சாய்ந்து கிடந்தது. அழுகைச் சத்தம் இல்லை. துணியைத் தூக்கிப் பார்த்தார்.

உள்ளே முட்டைக்கோஸ் இருந்தது. நல்ல பெரிய முட்டைக்கோஸ்.

பேரன் வளர்ந்துவிட்டதால் சும்மா கிடந்த வண்டியை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகும் ஒரு பெரியவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மேல் இலை கிழிந்திருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பஸ்ஸே சிரித்தது. டிரைவரும் சிரித்தார். பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

பிரேக்கை மிதித்ததற்கும் துணியைத் தூக்கியதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருந்ததல்லவா, அந்த நேரத்தில் டிரைவர் ஒரு குழந்தையைக் கொன்றிருந்தார். பம்பரில் கீறல் இல்லாததால் அது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து வலது கால் தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டது. காகிதப் பை பறந்தால் மிதித்தது. மரத்தின் நிழல் விழுந்தால் மிதித்தது. ரோடு காலியாக இருந்தால், எதற்காக இவ்வளவு காலியாக இருக்கிறது என்று சந்தேகப்பட்டு மிதித்தது. ஒருவருடைய பல்செட் கழன்று முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலருக்குள் விழுந்த அன்று டிப்போ மேனேஜர் டிரைவரை வண்டியிலிருந்து இறக்கி, பஸ் கழுவும் இடத்தில் குழாயைக் கொடுத்து நிற்க வைத்தார்.

இதற்கு நடுவில் கண்டக்டர் சும்மா இருக்கவில்லை. ரேடியோ என்று டிப்போவில் அவருக்குப் பெயர். சம்பவத்தை அவர்தான் ஒலிபரப்பினார். முதல் நாள் கதையில் முட்டைக்கோஸ் இரண்டு இருந்தன. வாரக் கடைசியில் ஒரு மூட்டை ஆயிற்று. பிறகு பிரேக்கையே அவர் விசில் கொடுத்ததால்தான் டிரைவர் மிதித்தார் என்று ஆனது. டிரைவர் தன் வாயால் சொல்வதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டில் வேறு மாதிரி. மகள் முதல் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அவர் கரைக்கு வந்ததும் போய்விடுவாள். குழந்தைக்கு ஒரு வண்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அது கூடத்தில் ஜன்னலோரம் நிற்கும், மேலே மெல்லிய துணி மூடியிருக்கும். சம்பவத்துக்கு முந்தின நாள்வரை வேலைவிட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பேத்தியைத் தூக்கிக்கொண்டவர், அதற்குப் பிறகு சமையலறைக் கதவு வழியாக வரப் போக ஆரம்பித்தார். கூடத்தின் பக்கமே தலைவைப்பதில்லை. குழந்தை அழுதால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

சின்ன வீடு. அதில் ரகசியமாகப் பேச முடியாது. மகள் ஒருநாள் தாயிடம் மெதுவாகத்தான் சொன்னாள். அப்பாவுக்கு இவளைப் பிடிக்கவில்லை, பிடிக்காத இடத்தில் எதற்காக இருக்க வேண்டும், அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன், இனிமேல் வர மாட்டேன் என்றாள். டிரைவர் கொல்லைக் குழாயடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சரிவில் இறங்கினேன் என்று ஆரம்பித்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தக் கதைய ரேடியோ தம்பி வந்து நல்லாவே சொல்லிட்டாரு, விடுங்க. அதுல பெரியவரு கோஸ எடுத்து மோந்து பாக்கற எடம் இருக்கே, உங்களுக்கு அந்த மாதிரிச் சொல்ல வராது."

ஆகவே, மேனேஜர் மனநல மையத்துக்குப் போகச் சொன்னபோது டிரைவர் தட்டிக்கழிக்கவில்லை. அங்கே காதுகொடுத்துக் கேட்பதையே வேலையாக வைத்திருக்கிறார்களாம். அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பது அவருக்கு நம்பிக்கை தரவில்லைதான். இருந்தாலும் சொல்ல வேண்டியதை ஒரே ஒரு தடவை, ஒரே ஒருவரிடம், சிரிப்பில்லாமல் சொல்லிவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மகளிடமும் சொல்லிவிடலாம் என்று பட்டது. மேனேஜர் அவர் கண்ணெதிரிலேயே மையத்துக்குப் போன் போட்டார். முட்டைக்கோஸ் கேஸ் ஒன்றை அனுப்புகிறேன், சரிபண்ணி அனுப்புங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மையத்தின் சுவர் என்ன நிறம் என்று சொல்ல முடியாது. எந்த நிறமாக இருந்தாலும் யாரையாவது புண்படுத்தும் என்று, நிறமே இல்லாத ஒரு நிறத்தைத் தேடிப் பிடித்துப் பூசியிருந்தார்கள். கிழிந்த பஸ் சீட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் பஞ்சு மாதிரி இருந்தது. கடிகாரம் கிடையாது. நேரம் போவது மனிதர்களை நெருக்குமாம். உள்ளே நுழைந்ததும், இந்தக் கட்டடத்துக்குள் வர உங்களுக்குச் சம்மதமா என்று ஒருவர் கேட்டார். வந்துவிட்டேனே என்றார் டிரைவர். அப்படியானால் வெளியே போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு மறுபடி வாருங்கள் என்றார்கள். போனார், சொன்னார், வந்தார்.

ஆலோசகர் சின்னப் பெண். மகள் வயதுதான் இருக்கும். நல்ல முகம். பூனை தூங்கும் அறையில் பேசுவது போலப் பேசினாள்.

"இங்க நோயாளின்னு யாருமே கிடையாதுங்க. எல்லாரும் பயணிகள். நான் உங்களோட சகபயணி."

டிரைவர் யோசித்துப் பார்த்தார். "அப்போ வண்டிய யாரும்மா ஓட்டறது?"

ஆலோசகர் தலையை ஆட்டி, இது ரொம்ப முக்கியமான இடம், பிறகு இதற்கு வருவோம் என்றாள். வரவே இல்லை.

முதல் நாள் முழுவதும் நாற்காலியிலேயே போய்விட்டது. மர நாற்காலி ஒன்று, மெத்தை நாற்காலி ஒன்று, தரையில் ஒரு பாய். எதில் உட்கார விருப்பம் என்றாள். எதிலாவது உட்காருகிறேன் என்றார். எதிலாவது என்பது ஒரு விருப்பமாகாது, உங்களுக்கு இவ்வளவு காலமும் யாரும் விருப்பத்தைக் கொடுக்கவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது என்று அவள் வருத்தப்பட்டாள். அவள் வருத்தப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் மர நாற்காலி என்றார். மெத்தையில் உட்கார உங்களுக்குத் தகுதி இல்லை என்று நினைக்கிறீர்களா என்றாள். மெத்தைக்கு மாறினார். என் மனம் நோகக் கூடாது என்பதற்காக மாறினீர்களா என்றாள். கதவு திறந்திருக்க வேண்டுமா, சாத்தியிருக்க வேண்டுமா, பாதியா, பாதி என்றால் எந்தப் பாதி என்றெல்லாம் பேசி முடித்து, டிரைவர் நின்றுகொண்டே இருந்தபோது நேரம் முடிந்துவிட்டது.

அடுத்த தடவை உஷாராக நேரே பாயில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு, "அன்னிக்குக் காலையில நான் சரிவுல இறங்கறேன்மா," என்று ஆரம்பித்தார்.

ஆலோசகர் பதறாமல் உள்ளங்கையை உயர்த்தினாள். சிக்னல் விழுந்த மாதிரி அவர் வாய் தானாக நின்றது.

"சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்லீங்க."

"கட்டாயம் எதுவும் இல்லம்மா. நானாத்தான் சொல்றேன்."

"நானாத்தான் சொல்றேன்னு தோணறதே ஒரு கட்டாயமா இருக்கலாம். இங்க உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. நீங்க எதையுமே சொல்லாம இருக்கலாம்."

எதையுமே சொல்லாமல் இருப்பதற்கு அவருக்கு வீடே போதும். ஆனால் அதைச் சொன்னால் அவள் மறுபடி வருத்தப்படுவாள் என்று விட்டுவிட்டார். பிறகு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தாள். பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டிருந்ததெல்லாம் தப்பான மூச்சு என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியவந்தது.

அந்த மையத்தில் ஒரு சட்டம் இருந்தது. யாரையும் என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது. கேள்வி என்பது ஆறிய புண்ணைக் கீறும் கத்தி என்று வாசலிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள். கேட்கக் கூடாது, சொல்லவும் விடக் கூடாது என்றால் பின்னே ஒருவருக்கு என்ன காயம் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் இயக்குநர் அம்மா இருந்தார். வெளிநாடு போய்ப் படித்தவர். மேனேஜர் போனில் சொன்ன இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் ஆராய்ந்தார். ஆராய்ந்து, இந்த மனிதர் முட்டைக்கோஸால் பாதிக்கப்பட்டவர் என்று முடிவுக்கு வந்தார். எப்படிப் பாதித்தது என்று கேட்பது அநாகரிகம்.

அதன்பிறகு டிரைவரை அவர்கள் காப்பாற்றத் தொடங்கினார்கள்.

முதலில் கேன்டீனில் முட்டைக்கோஸ் நின்றது. பிறகு, சத்துணவைப் பற்றிய படம் ஒன்று சுவரில் இருந்ததை எடுத்து, அதில் கோஸ் இருந்த மூலையை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்து மாட்டினார்கள். காகிதம் ஒட்டிய இடத்தைப் பார்த்தால் அங்கே என்ன இருந்தது என்று ஞாபகம் வருமே என்று படத்தையே எடுத்தார்கள். காலிஃபிளவர், கோஸுக்கு நெருங்கிய சொந்தம் என்று அதுவும் போயிற்று. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த கணக்கர், டிரைவரை வழியில் கண்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சுவரோரமாகத் திரும்பி நின்றுகொண்டார். அந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது, அவசியமானால் 'அந்தக் காய்' என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவு ஆனது. கோஸைக் கண்டால் எனக்கு ஒன்றும் ஆகாது, நேற்றுக்கூட இரண்டு தட்டுச் சாப்பிட்டேன் என்று டிரைவர் ஆலோசகரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு தைரியமாக மறைக்கிறீர்கள் என்றாள்.

மனைவியிடம் வந்து சொன்னார். அவள் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே, படித்தவர்கள் காரணம் இல்லாமலா சொல்வார்கள், எதற்கும் கொஞ்ச நாளைக்குக் கோஸ் வாங்க வேண்டாம் என்றாள்.

இதில் இன்னொரு சிக்கலும் முளைத்தது. அந்த மையம் யாரையும் விட்டுவிடாமல் எல்லாரையும் அரவணைக்கும் மையம். அதைக் கவனிக்கத் தனியாக ஓர் அரவணைப்புக் குழு இருந்தது. அங்கே வருகிற ஓய்வுபெற்ற பேங்க்காரர் ஒருவர், வயிற்றுப் புண்ணுக்காக டாக்டர் தன்னை முட்டைக்கோஸ்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்றும், கேன்டீனில் அதை நிறுத்தியது தன்னை ஒதுக்குவதாகும் என்றும் குழுவிடம் முறையிட்டார். குழு பகல் முழுக்கக் கூடியது. அந்தக் காயால் பாதிக்கப்பட்டவரின் மனதும் நோகக் கூடாது, அந்தக் காய் இல்லாமல் பாதிக்கப்பட்டவரின் மனதும் நோகக் கூடாது. கடைசியில் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறையை ஒழித்து, பேங்க்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சாப்பிடலாம் என்று தீர்ப்பானது. டிரைவர் அந்தப் பக்கம் போகும்போது உள்ளே மெல்லும் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக வெளியே அருவிச் சத்தம் ஓடவிட்டார்கள். பேங்க்காரருக்கு அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டு அடிக்கடி ஒன்றுக்கு வந்தது. அதற்கும் அவருக்குத் தனியாக ஆலோசனை கொடுத்தார்கள்.

பிறகு ஒருநாள் டிரைவர் மையத்துக்கு வந்தபோது, வாசலுக்கு எதிரே எப்போதும் காய்கறி விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையெல்லாம் தூக்கிக்கொண்டு அவரை மறித்தாள்.

"அந்த டிரைவரு நீங்கதானாண்ணே? உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"என்னம்மா ஆச்சு?"

"உங்க கண்ணுல கோஸு படக் கூடாதாம். தெருக்கோடிக்குப் போகச் சொல்லிட்டாங்க. தெருக்கோடில எவன் காய் வாங்குவான்? அங்க சவப்பெட்டிக் கடைதான் இருக்கு."

டிரைவர் வெட்கத்தோடு, தனக்கும் கோஸுக்கும் எந்தப் பகையும் இல்லை என்றார். பின்னே எதற்கு இங்கே வருகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அது நியாயமான கேள்வி. பதில் சொல்ல அவர் வாயெடுத்த நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடி வந்து, கேள்வியிலிருந்து அவரைக் காப்பாற்றி அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அம்மாளையும் அவர்கள் கைவிடவில்லை. இருந்த இடத்தைவிட்டு எழுப்பப்பட்டது அவளுக்குப் பெரிய மனக்காயம் என்று மறுநாளே அவளைப் பயணியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

பயணிகள் அதிகமானதும் இயக்குநர் அம்மா 'காய்கறிகளால் காயம்பட்டோர் வட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். தலையில் பூசணிக்காய் விழுந்த ஒருவர், வெங்காயம் நறுக்கும்போது மட்டும்தான் அழ முடிகிற ஒரு அம்மாள், பேங்க்காரர், காய்கறிக்கார அம்மாள், டிரைவர். எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். ஆனால் தனக்கு நேர்ந்ததை யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் பக்கத்தில் இருப்பவர் புண்படுவார். எனவே எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்து, புரிகிறது புரிகிறது என்று தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். டிரைவருக்கு அந்தப் பூசணிக்காய் எங்கிருந்து விழுந்தது என்று கேட்க நாக்குத் துடித்தது. கடைசிவரை தெரிந்துகொள்ள முடியவில்லை.

வாரங்கள் போனதுதான் மிச்சம். கால் அப்படியேதான் இருந்தது. கூடத்தில் வண்டி நின்றது, அவர் சமையலறை வழியாகவே போய் வந்தார். மகள் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். அவரோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டாள், சாப்பாட்டை மட்டும் சத்தமாக வைத்தாள்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, மையத்தின் ஆண்டு விழா. டிரைவரை மேடையில் உட்கார வைத்துக் கௌரவிப்பதாக ஏற்பாடு. குடும்பத்தோடு வரச் சொல்லி ஆலோசகரே போன் செய்தாள். நான் எதற்கு என்று மகள் முரண்டு பிடித்தாள். ஊருக்கு முன்னால் அப்பாவை ஒற்றையாக விட்டுவிட்டுப் போகாதே, பிடிக்குதோ பிடிக்கலையோ ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்று தாய் சொன்னதால் சம்மதித்தாள்.

டிரைவர் முன்னாலேயே போய்விட்டார். அவருக்கு மேடையில் ஒரு நாற்காலி போட்டு, பக்கத்தில் பாயும் விரித்து, விருப்பம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். முன்வரிசையில் டிப்போ மேனேஜர் இருந்தார். சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு ரேடியோவும் வந்திருந்தார்.

இயக்குநர் அம்மா மைக்கைப் பிடித்தார்.

"அஞ்சு வருஷமா இந்த மையத்துல ஒருத்தர்கிட்டகூட நாங்க என்ன நடந்ததுன்னு கேட்டதில்ல. இதைப் பெருமையாச் சொல்றேன். இங்க வந்து அழுதவங்க யாருமே கிடையாது. அழற அளவுக்கு நாங்க யாரையும் பேச விட்டதில்ல."

கைதட்டினார்கள்.

"மத்த எடத்துலயெல்லாம் குணப்படுத்தி அனுப்பிடறாங்க. அது ஒரு வகையில கைவிடறதுதான். நாங்க யாரையும் கைவிடல. முதல் நாள் வந்த பயணி இன்னைக்கும் வந்துட்டிருக்கார்."

அந்த முதல் பயணி எழுந்து நின்று கும்பிட்டார். ஆள் பாதியாகியிருந்தார்.

"நாங்க வந்தப்போ இந்தத் தெருவுல மனக்காயம் பட்டவங்க யாருன்னே தெரியாது. இன்னைக்குத் தெரு முழுக்க நம்ம பயணிகள்தான். காய்கறிக்கார அம்மாவை எடத்தைவிட்டு எழுப்பினதும் நாங்கதான், அதுக்கு அவங்களுக்கு ஆலோசனை குடுக்கறதும் நாங்கதான். இப்படி ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் ஒரே எடத்துல பாத்துக்கற வசதி வேற எங்கயும் கிடையாது."

இந்தச் சமயத்தில் வாசலில் காவலாளி, டிரைவரின் மனைவியையும் மகளையும் நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். பையைத் திறக்கச் சொன்னார். பச்சை மூடி போட்ட பால் புட்டியை வெளியே எடுத்து, மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார். குழந்தை வண்டியின் துணியை விலக்கி உள்ளே உற்றுப் பார்த்தார். தலை உருண்டையாக ஏதோ தெரிந்ததும் திடுக்கிட்டு, குழந்தைதான் என்று உறுதி செய்துகொண்டு, துணியைப் பழையபடி மூடி, போகலாம் என்றார்.

அரங்கத்தில் படிகள் கிடையாது. யாருக்கும் சிரமம் இருக்கக் கூடாது என்று வாசலிலிருந்து மேடைவரை சரிவாகவே கட்டியிருந்தார்கள். அந்தச் சரிவில் கூரை போட்ட குழந்தை வண்டி மேடையைப் பார்த்து இறங்கி வந்தது. பின்னால் தள்ளிக்கொண்டு வந்த மகள் டிரைவரின் கண்ணில் படவில்லை.

அவருடைய வலது கால் மேடைப் பலகையில் டொம் என்று மிதித்தது.

மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கமே அதிர்ந்தது. அவருடைய மகிழ்ச்சியைப் பாருங்கள் என்றார் இயக்குநர் அம்மா. கால் மறுபடி மிதித்தது. மறுபடியும். அவர் முகம் வெளுத்து, நாற்காலிக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து மிதித்துக்கொண்டே இருந்தார். இப்போது ஊழியர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் காய் எங்கேயோ உள்ளே வந்திருக்கிறது. வரிசை வரிசையாகக் குனிந்து நாற்காலிக்கு அடியில் எல்லாம் தேட ஆரம்பித்தார்கள். கணக்கர் ரேடியோவின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

மகள் மட்டும் எதையும் தேடவில்லை. வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு மேடைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, காலுக்கு என்ன?"

இயக்குநர் அம்மா மைக்கிலேயே தடுத்தார். "கேள்வி வேண்டாம்மா. இங்க நாங்க யாரையும் கேக்கறதில்ல."

"எங்கப்பாவ நான் கேக்கறேன், நீங்க செத்த சும்மா இருங்க. சொல்லுப்பா. என்ன ஆச்சு உனக்கு?"

இந்தக் கேள்விக்காக டிரைவர் எத்தனையோ நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தார். காலையில் எஞ்சினைக் கிளப்பியதிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். கேட்டதும் வரிசையெல்லாம் போய்விட்டது. கடைசியில் சொல்ல வேண்டியதுதான் முதலில் வந்தது.

"உள்ள பாப்பா இருந்தாம்மா."

"எதுக்குள்ள?"

"அன்னிக்குச் சரிவுல வந்துச்சே, அந்த வண்டிக்குள்ள. நான் எறங்கிப் போய்த் துணிய எடுக்கற வரைக்கும் நம்ம பாப்பாதான் உள்ள இருந்தா. அவ மேல பஸ்ஸ ஏத்திட்டேன்னு நெனச்சேன். சத்தமே இல்லம்மா. எடுத்துப் பாத்தா கோஸ். எல்லாரும் சிரிச்சாங்க. சரின்னு நானும் சிரிச்சேன்." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார், பழைய தப்பான மூச்சுதான். "அதுலேர்ந்து வீட்ல அந்த வண்டியப் பாத்தா, துணிய எடுத்துப் பாக்கத் தைரியம் வரல."

ஆலோசகரின் உள்ளங்கை பழக்கத்தில் பாதி உயர்ந்திருந்தது. அதை மேலே கொண்டுபோவதா, இறக்குவதா என்று தெரியாமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, கடைசியில் இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ரேடியோ தன் பங்குக்கு ஏதோ சேர்க்க எழுந்தார். டிரைவரின் மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது வரிசையில் காய்கறிக்கார அம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அந்த மையத்தில் அதுதான் முதல் அழுகை.

மகள் மேடை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"உனக்கு இவளப் பிடிக்கலன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்," என்றாள்.

"பிடிக்காம என்னம்மா."

இதற்குள் இயக்குநர் அம்மாவுக்கு உண்மை விளங்கிவிட்டது. படித்தவர் அல்லவா. பயணியைப் பாதித்தது கோஸ் அல்ல, குழந்தை வண்டி. அந்தக் குழந்தை வண்டி இதோ, பயணியின் கண்ணெதிரில் நிற்கிறது. அவர் பதறிப்போய் மைக்கில் ஊழியர்களுக்கு ஆணையிட்டார். குழந்தை வண்டியை உடனே அப்புறப்படுத்த வேண்டும், பயணி இருக்கும் எல்லைக்குள் இனி அது தென்படவே கூடாது. மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள். மகள் முந்திக்கொண்டு குழந்தையை வெளியே எடுக்காவிட்டால் குழந்தையோடேயே தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். வண்டியை மாடிப்படிக்கு அடியில், பேங்க்காரரின் அறைக்குள் போட்டுப் பூட்டினார்கள்.

மகள் போய்ச் சண்டை பிடித்தாள். அதைத் திருப்பிக் கொடுப்பதானால் அரவணைப்புக் குழு கூட வேண்டும், குழு புதன்கிழமைதான் கூடும் என்றார்கள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில்.

வெளியே வந்து நின்றார்கள். டிரைவரின் மனைவி கையில், விழாவில் கொடுத்த நினைவுப் பரிசு. கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய பாராட்டுப் பத்திரம் அது, கதவுக்குள் குறுக்காகத் திருப்பித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. மகளின் ஒரு தோளில் துணிப்பை, இன்னொரு தோளில் பால் புட்டிப் பை, கையில் குழந்தையின் மெத்தை, தலையணை, மூடியில்லாத புட்டி. நெஞ்சில் சாய்ந்திருந்த குழந்தை நழுவிக்கொண்டிருந்தது.

"ம், புடிப்பா," என்றாள்.

சம்மதமா என்று கேட்கவில்லை. மடியா, தோளா, எது விருப்பம் என்றும் கேட்கவில்லை. குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டுத் தலையணையைச் சரிசெய்துகொண்டாள். டிரைவர் முதலில் சுடுசட்டியை வாங்கிய மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார். குழந்தையின் முகத்தின் மேல் துணியின் ஓரம் விழுந்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். எடுப்பதற்கு வேறு யாருக்கும் கை காலியாக இல்லை. ஒரு விரலால் அதை ஒதுக்கினார்.

உள்ளே இருந்தது குழந்தைதான். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. ஆள் யாரென்று பிடிபடாமல் முகத்தைச் சுளித்து, அழலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கப் போயிற்று.

"அம்மா மாதிரியே சுளிக்கறா," என்றார் டிரைவர்.

"எந்த அம்மா?" என்றாள் மனைவி.

டிரைவர் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

பஸ் வந்தது. அவரைத்தான் முதலில் ஏற்றினார்கள். கையில் குழந்தை இருப்பதைப் பார்த்து யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள், எஞ்சினுக்குப் பக்கத்து சீட். மடியில் போட்டுக்கொண்டு, தலைக்கு உள்ளங்கையைக் கொடுத்து உட்கார்ந்தார். பின்னால் மகளும் மனைவியும் நினைவுப் பரிசை எங்கே நிறுத்துவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி ஆஸ்பத்திரி ரோட்டில் திரும்பியது. முன்னால் ஒரு நாய் குறுக்கே போனதில் டிரைவர் சீட்டில் இருந்த இளவட்டம் பிரேக்கை அழுத்தி மிதித்தான். எல்லாரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தார்கள்.

"ஏம்ப்பா, பாத்து ஓட்டு," என்றார் டிரைவர். "புள்ள தூங்குதுல்ல."

முன்னாலிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவ்வளவு அக்கறை இருந்தா டாக்ஸில போறதுதானே, பெரியவரே," என்றான்.

கியர் மாற்றும் விதம்கூடச் சரியில்லை. அதையும் சொல்லிவிடலாம் என்றுதான் டிரைவர் வாயைத் திறந்தார். மடியில் அசைவு தெரிந்ததும் மூடிக்கொண்டார்.